'ரெட்ரோஃபிட்டிங்' – கையேட்டுக்கு எந்தச் சொல்?

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
அனைவருக்கும் வணக்கம். ஊராட்சிப் பொறியாளர்களுக்கும் கொத்தனார்களுக்குமான நிலநடுக்கக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. 'ரெட்ரோஃபிட்டிங்', அதாவது ஏற்கெனவே கட்டிய கட்டடத்தை நிலநடுக்கம் தாங்கும்படி உறுதியாக்குவது, இதற்குத் தமிழ்ச் சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. வரைவில் 'வலுவூட்டல்' என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

கட்டடப் பொறியாளர், மேலூர்:
வேண்டாம் அம்மா. உள்ளே இரும்புக் கம்பி வைத்த ஆர்.சி.சி.யை 'வலுவூட்டப்பட்ட கான்கிரீட்' என்கிறோம். கம்பி கட்டுகிற வேலை என்று நினைத்துவிடுவார்கள். இதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13935 மூன்று வேலைகளைப் பிரிக்கிறது. பூச்சு, கதவு, ஒயரிங்கைச் சரிசெய்வது ஒன்று. விரிசலுக்குள் சிமெண்ட் பாலை அழுத்தி ஏற்றி, சுவருக்குப் பழைய பலத்தைத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. பழைய பலத்துக்கும் மேலே கொண்டுபோவது மூன்றாவது; நமக்குச் சொல் வேண்டியது இதற்குத்தான். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்தில் வீடுகளைச் சேதத்தைப் பார்த்து ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரித்துத்தான் உதவித்தொகை கொடுத்தார்கள். படிவத்தில் மூன்று வேலைக்கும் 'பழுதுபார்ப்பு' என்றே எழுதினால், விரிசலைப் பூசி மறைத்த வீடும் வேலை முடிந்த கணக்கில் ஏறிவிடும். அடுத்த அதிர்வில் அங்கேயே பிளக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமங்கலம்:
'திட்பமேற்றல்' எனலாம். 'வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்' என்பது குறள் (661). திண்மை, திண்ணம், திண்டு எல்லாம் 'திண்' என்ற அடியிலிருந்து வந்தவை. திண்ணையும் அதே வேர் என்பது என் துணிபு. மண்ணை இறுக்கி மேடாக்கியதுதானே திண்ணை! 'பலப்படுத்தல்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். பலம் வடசொல்.

கட்டடப் பொறியாளர்:
ஐயா, திண்ணை இருக்கட்டும். கொத்தனாருக்குப் புரிய வேண்டியது இதுதான்: லிண்டலுக்கு (கதவு, ஜன்னலின் மேல் உத்திரம்) மேலே சுவரைச் சுற்றிப் பட்டையாகப் பூச்சைக் கொத்தி எடுக்கணும். செங்கல் இடுக்குக் கலவையை 12–15 மி.மீ. ஆழம் சுரண்டி, கழுவி, நனைத்து, சிமெண்ட் பால் அடித்து, 12 மி.மீ. முதல் பூச்சு. அது பச்சையாக இருக்கும்போதே வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பிவலை) வைத்து, அடிக்கு ஒரு 15 செ.மீ. ஆணி அடித்து, மேலே 16 மி.மீ. பூச்சு. மூலையோடு மெஷ்ஷை வெட்டிவிட்டால் அத்தனையும் வீண்; அடுத்த சுவருக்குத் திரும்பி அங்குள்ள மெஷ்ஷின்மேல் ஏறணும். நம்ம ஊர்ப் பழைய சுண்ணாம்புச் சுவரில் இடுக்கு உதிர்ந்து ஆணி பிடிக்காது. அங்கே சுவரைத் துளைத்து, இரண்டு பக்க மெஷ்ஷையும் கம்பியால் இழுத்துக் கட்டணும். இதை எந்தக் கொத்தனாரும் 'பெல்ட் போட்டுப் பலப்படுத்துறது' என்றுதான் சொல்வார்.

விரிவுரையாளர், திண்டுக்கல்:
இரண்டாவது வேலைக்கு வரைவில் 'மீட்பு' என்றிருக்கிறது. இடிபாட்டிலிருந்து ஆளை எடுப்பதும் மீட்புதான். 'மீட்பு முடிந்த வீடு' என்று படித்தால், உள்ளே ஆளில்லை என்று புரிந்துகொள்வதா, சுவர் சரியாகிவிட்டது என்றா?

மொழிபெயர்ப்பாளர்:
பலரும் ஒப்பியபடி இப்படிப் போடுகிறேன்: செப்பனிடல், பலம் மீட்டல், பலப்படுத்தல். இன்றிரவு பக்கங்களை முடித்தாக வேண்டும்.

தமிழாசிரியர்:
நான் வேண்டாம் என்று சொன்ன 'பலம்' இரண்டு இடத்தில் வந்துவிட்டது. 'வலு மீட்டல்' என்றாவது திருத்துங்கள் அம்மா. கொத்தனாருக்கு வலு தெரியாதா? 'திட்பமேற்றல்' பின்னிணைப்பிலாவது இருக்க வேண்டும். என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன்.