என்ன தொழில் என்று தெரியாமலே சொந்தத் தொழிலுக்கு இறங்கலாமா?

தக்கலைக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். வளைகுடாவில் பல ஆண்டுகள் குளிர்சாதன இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு இப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். இனி ஊரிலேயே சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் என்ன செய்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. விசாவை ரத்து செய்துவிட்டுத் தொழிலைத் தேடுவதா, தொழில் தெளிவான பிறகு ரத்து செய்வதா என்று வீட்டில் தினமும் இதே பேச்சாக இருக்கிறது. மார்த்தாண்டத்தில் சாலையை ஒட்டி ஒரு கடை அறை காலியாக உள்ளது. முதலில் இடத்தைப் பிடித்துவிட்டால் தொழில் தானாக அமையும் என்கிறார் மைத்துனர். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வடசேரி வாசகன்:
தம்பி, விசா உங்கள் குடும்பத்தின் கணக்கு. அதில் நான் தலையிடவில்லை. அந்தக் கடை அறைக்கு மட்டும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலும் திட்ட மதிப்பு அனுமதிக்கப்படுகிறது. கிராமப்புறமானால் பொதுப்பிரிவினருக்கு 25 விழுக்காடும் பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம் என்று கேள்விப்பட்டவுடன், தொழிலைப் பற்றிய யோசனை பின்னால் போய் மானியம் முன்னால் வந்துவிடுகிறது. என்ன தொழில் என்று தெரியாமல் வருகிறவருக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவரே தொழிலையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுவார். பாக்குமட்டைத் தட்டு, காகிதக் குவளை என்று பெயரை மட்டும் மாற்றிய அறிக்கைகள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. அந்த மானியமும் உடனே கைக்கு வருவதில்லை. மூன்று ஆண்டுகள் வைப்பாகக் கிடந்து, தொழில் நடந்துகொண்டிருப்பது உறுதியான பிறகே கடனில் கழிக்கப்படும். அதற்குள் இயந்திரத்தை விற்பதற்கு ஆள் தேடியவர்களும் உண்டு.

குலசேகரம் தேன்காரன்:
அண்ணாச்சி சொல்லும் மானியக் கணக்கு சரி. ஆனால் தொழிலை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்பது போல் அவர் பேசுவதை ஏற்க முடியவில்லை. நான் வேலையை விட்டபோது என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. தெரிந்த ஒருவரின் தேன்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள அவருடன் போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில், பூவிலிருந்து அல்லாமல் இளம் இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளிலிருந்துதான் நம் பக்கத்துத் தேனீக்கள் பெருமளவில் தேன் சேர்க்கின்றன. அந்தத் தேனில் ஈரம் அதிகம். அப்படியே கேனில் அடைத்து வைத்தால் சில வாரங்களில் நுரைத்து, புளித்த வாடை வந்து, மூடி மேல்நோக்கி உப்பிவிடும். திறக்கும்போது சோடா போலச் சத்தம் வரும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனின் ஈரப்பதம் பொதுவாக 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சிறிய அளவில் பெட்டி வைத்திருப்பவரிடம் ஈரத்தைக் குறைக்கும் வசதி இல்லாததால், வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறார். அந்த உப்பிய மூடிகளைப் பார்த்த பிறகுதான், அவர்களுடைய தேனை வாங்கிப் பதப்படுத்தி விற்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வேலையிலேயே இருந்திருந்தால் இதை நான் எங்கே பார்த்திருக்கப் போகிறேன்?

வடசேரி வாசகன்:
பெட்டிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் உங்கள் வீட்டுச் செலவை யார் பார்த்தார்கள் என்பதையும் எழுதுங்கள். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தை மையமாக வைத்துத் தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் பரப்பியபோது, அவற்றை விவசாயிக்கு உபதொழிலாகத்தான் கற்றுக்கொடுத்தார். இருக்கும் வருமானத்தை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் ‘தாய்லாந்து சாக்புரூட்’ என்ற வைரஸ் நோய் பரவித் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்ததே, அந்த நேரத்தில் பெட்டியை மட்டும் நம்பியிருந்தவர் நிலை என்னவாகியிருக்கும்?

குலசேகரம் தேன்காரன்:
மனைவி ஆசிரியை. அவருடைய சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் சம்பளம் எனக்குச் சோறுதான் போட்டது, தொழிலைக் காட்டிக் கொடுத்தது கேன் மூடிதான்.

தோவாளை மல்லிகை:
இருவரும் தேனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டவரோ குளிர்சாதனம் தெரிந்தவர். எங்கள் குடும்பம் தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம் செய்கிறது. பூவுக்கு ஒரு குளிர் அறை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இங்கே சொல்லாத ஆள் கிடையாது. தக்கலை அண்ணன் வந்து விசாரித்தால் அத்தனை பேரும் "நல்ல யோசனை, உடனே செய்யுங்கள்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் மாத வாடகை இவ்வளவு, ஒரு மாதத்துக்கு முன்பணம் தாருங்கள் என்று கேட்டால் நானே தரமாட்டேன். அன்றைய பிச்சியும் மல்லியும் அன்றே போக வேண்டும், நேற்றைய பூ என்று தெரிந்தால் கேரள வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார். ஓணத்தை ஒட்டி விலை ஏறும் சில நாட்களுக்காக ஆண்டு முழுவதும் மின்கட்டணம் கட்ட முடியுமா? ஆகவே யோசனை இல்லையே என்று அவர் வருந்த வேண்டாம். யோசனைகளைச் சந்தையில் யாரும் இலவசமாகவே கொடுப்பார்கள், காசு கொடுப்பவரைத்தான் தேட வேண்டும்.

தக்கலைக்காரன்:
அனைவருக்கும் நன்றி. கடை அறைக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மைத்துனருக்கு வருத்தம்தான். வீடுகளுக்கு ஏசி பொருத்தும் வேலை எனக்குத் தெரியும், ஆனால் அதற்கு எங்கள் தெருவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் என்னிடம் யோசனை எதுவும் இல்லை என்று எழுதினேன்.

குலசேகரம் தேன்காரன்:
வீட்டு ஏசியை விடுங்கள். தேனின் ஈரத்தைக் குறைக்க நான் வைத்திருக்கும் இயந்திரத்தின் கம்பிரசர் போன பருவத்தின் நடுவில் நின்றுவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வந்து சேரும் வரை வாங்கி வைத்த தேன் கேனிலேயே கிடந்தது. வருகிறவருக்கு வண்டிச் செலவு தனி, கூலி தனி. பக்கத்தில் ஆள் இருந்தால் பருவம் தொடங்கும் முன்பே ஒப்பந்தம் போட்டு முன்பணமும் தந்துவிடுவேன். இதைத் தோவாளை அக்கா முன்னிலையிலேயே சொல்கிறேன்.

வடசேரி வாசகன்:
நல்லது, ஒரு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். தேன் பருவம் முடிந்த பிறகு மீதி மாதங்களுக்கு என்ன வழி?

குலசேகரம் தேன்காரன்:
குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீனுக்கு ஐஸ் இல்லாமல் முடியாது. ஐஸ் ஆலைகளில் விசாரிக்கலாம்.

வடசேரி வாசகன்:
மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதை மறந்துவிட்டீர்களா? விசைப்படகு கரையில் நிற்கும்போது ஐஸை யார் வாங்குவார்கள்?

தக்கலைக்காரன்:
அண்ணாச்சி, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முடியும். வளைகுடாவில் பெரிய இயந்திரங்களை முழுமையாகக் கழற்றிப் பழுது பார்ப்பதே ஓட்டம் குறைந்த மாதங்களில்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் கைவைக்க விடமாட்டார்கள். இங்கும் ஐஸ் ஆலைகள் தடைக்காலத்தில் அப்படிச் செய்கின்றனவா, செய்தால் யாரை அழைக்கிறார்கள், என்ன கொடுக்கிறார்கள் என்பதை விசாரிக்க நாளை குளச்சல் போகிறேன். விசாவை அதுவரை தொடப்போவதில்லை.

வடசேரி வாசகன்:
போய்விட்டு வந்து தொகையோடு எழுதுங்கள். பணத்தை எத்தனை நாளில் பட்டுவாடா செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.