காருக்கு மேம்பாலம், மணிக்கு மாடிப்படி

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைகள்

14 அக்டோபர் 2024, திங்கள்

மாலை 6:41
சித்தி: புதன்கிழமை சென்னைக்கு ரெட் அலர்ட்டாம். நாளைக்கே பள்ளிக்கூடம் லீவு. எல்லோரும் பால், மெழுகுவத்தி வாங்கியாயிற்றா?

பெரியப்பா: (படம்)

பெரியப்பா: நம் கார். வேளச்சேரி மேம்பாலத்தில் பத்திரமாக நிறுத்திவிட்டேன். போன வருஷம் மிக்ஜாம் புயலில் எஞ்சினுக்கே 80,000 அழுதேன். இந்தத் தடவை ஏமாற மாட்டேன்.

மாமா (ஏரல்): பாலத்தில் இடம் கிடைத்ததா அத்தான்? டிவியில் வரிசையாகக் காட்டுகிறார்கள்.

சித்தி: அபராதம் போடுவதாக ஒரு செய்தி சுற்றுகிறதே?

பெரியப்பா: போடட்டும். 80,000-க்கு அது தேவலை.

நான்: கார் சரி பெரியப்பா. மணிக்கு என்ன ஏற்பாடு?

பெரியப்பா: எத்தனை மணிக்கு?

பெரியம்மா: வாசல் நாயைக் கேட்கிறான்.

பெரியப்பா: அது தெருநாய்டா. அதற்கும் நான்தான் ஏற்பாடு செய்ய வேண்டுமா? அது நீந்தும்.

நான்: எவ்வளவு நேரம் நீந்தும்? போன டிசம்பரில் நாலாம் தேதி கொட்டிய மழை உங்கள் தெருவில் வடிய எத்தனை நாள் ஆயிற்று?

பெரியம்மா: ஐந்து நாள். ஃபிரிட்ஜ் கூடத்தில் மிதந்தது.

அம்மா: நீ இந்த முறை படகில் ஏறினால் வீட்டுப் பக்கம் வராதே. சொல்லிவிட்டேன்.

மாலை 7:05
நான்: அம்மா, ஏறாமல் இருக்கத்தான் இன்றைக்கே கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வந்தபின் நாங்கள் பத்துப் பேர் படகில் சுற்றி ஒரு நாளில் எத்தனை உயிரைத் தூக்கிவிட முடியும்? வருவதற்கு முன்னால் ஒரு கேட்டைத் திறந்து வைத்தால் அதில் பாதி வேலை மிச்சம்.

நான்: போன வருஷம் ஒரு வீடு. ஆட்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கெட்டவர்கள் இல்லை, சாயந்தரம் திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். தட்டில் சோறு வைத்து, கிரில் கேட்டில் நாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் போனபோது எனக்கு மார்பளவு தண்ணீர். சுவரில் மீட்டர் பெட்டி இருக்கும் இல்லையா, அதன்மேல் இரண்டு முன்னங்காலையும் ஊன்றி, மூக்கை மட்டும் வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு நின்றது. சங்கிலி மொத்தமே மூன்றடி. குரைக்க வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை. ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கும்.

நான்: கொக்கி தண்ணீருக்கு அடியில். துருப் பிடித்து இறுகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தடவித் தடவிக் கழற்ற இருபது நிமிஷம். கழன்றதும் செய்த முதல் காரியம், என் மணிக்கட்டைக் கடித்தது.

அம்மா: நன்றியுள்ள ஜீவன்.

நான்: பயத்தில் கடிக்கும் அம்மா. துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்திருக்க வேண்டும், என் தப்பு. படகில் இருந்த குடிதண்ணீர் கேனைக் காலி செய்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். முன்பே வெறிநாய்க்கடி ஊசி போட்டவன் என்பதால் இரண்டு ஊசியோடு விட்டது.

சித்தி: அடக் கடவுளே. அந்த நாய்?

நான்: கறுப்பி. காப்பகத்தில் நாலு மாதம் இருந்தது, யாரும் தேடி வரவில்லை. இப்போது என் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது.

சித்தி: கறுப்பியா! இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே நீ.

மாலை 7:22
மாமா (ஏரல்): தம்பி சொல்வது சரி அத்தான். போன டிசம்பர் 17 ராத்திரி எங்கள் பக்கம் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி தொழுவத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஏழு உருப்படி. ஓடிப்போய்த் தும்பை அவிழ்க்கப் பார்த்தால், கயிறு ஊறி முடிச்சு கல்லாகிவிட்டது. அரிவாளை எடுத்து அறுத்தேன். ஐந்தைத்தான் அறுக்க முடிந்தது. உள் வரிசையில் இரண்டு.

மாமா (ஏரல்): அறுத்துவிட்ட ஐந்தும் பிழைத்தன. மூன்றாம் நாள் மேட்டில் நின்றன. சிவலை தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது, கழுத்தில் அரைமுழக் கயிற்றோடு. தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்பார்கள். அன்றைக்கு விட்டதுதான் பிழைத்தது.

பெரியம்மா: நஷ்ட ஈடு வந்ததாடா கடைசியில்?

மாமா (ஏரல்): மாட்டுக்கு 37,500 என்று அறிவித்தார்கள். ஒன்றுக்கு வந்தது. இன்னொன்றை ஆறு கொண்டுபோய்விட்டது அக்கா. கணக்கெடுக்க வந்தவர் உடல் எங்கே என்றார். கடலில் போய்க் கேளுங்கள் என்றேன். எழுதிக்கொள்ளவில்லை.

மாலை 7:40
அக்கா (ஹூஸ்டன்): இப்போதுதான் எழுந்தேன். அப்பா, தெருநாய்க்கு ஏற்பாடு எதற்கு என்கிறீர்கள். மிக்ஜாமில் முதல் படகு வந்தபோது நீங்கள் ஏன் ஏறவில்லை?

பெரியப்பா: அது உன் அம்மாவைக் கேள்.

பெரியம்மா: பூனை மொட்டை மாடியில் இருந்தது. படகுக்காரர் பூனையை ஏற்ற மாட்டேன் என்றார். நானும் ஏற மாட்டேன் என்றேன்.

பெரியப்பா: அடுத்த படகு ஒன்பது மணி நேரம் கழித்து வந்தது. என் பிரஷர் மாத்திரை தண்ணீரில்.

அக்கா (ஹூஸ்டன்): இதேதான் 2005-இல் கத்ரீனாவில் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. பஸ்ஸில் நாய், பூனை ஏற்ற மாட்டோம் என்றார்கள். எத்தனையோ பேர் வீட்டை விட்டு வரவே மறுத்துவிட்டார்கள். ஒரு சின்னப் பையனின் கையிலிருந்து நாய்க்குட்டியை வாங்கிவிட்டார்கள். அவன் ‘ஸ்னோபால், ஸ்னோபால்’ என்று கத்தி அழுது வாந்தியே எடுத்துவிட்டான் என்று செய்தி வந்தது. ஊரே கொதித்துப் போயிற்று. அடுத்த வருஷமே சட்டம் கொண்டுவந்தார்கள், பேரிடர்த் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று.

அக்கா (ஹூஸ்டன்): பிராணிமேல் இருக்கிற பாசத்தால் மட்டும் இல்லை அப்பா. அதை விட்டுவிட்டு மனுஷன் வர மாட்டான், அவனும் செத்துப்போவான். அதற்காகத்தான்.

பெரியப்பா: உன் அம்மா வர மாட்டாள் என்பது எனக்கு 38 வருஷமாகத் தெரியும்.

சித்தி: அத்தான், உங்கள் வேளச்சேரியிலேயே புளூ கிராஸ் பிராணிக் காப்பகம் இருக்கிறதே. நாலு நாளைக்கு அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன?

நான்: காப்பகம் லாட்ஜ் இல்லை சித்தி. எந்தக் காப்பகத்திலும் அடிபட்டது, நோய் பிடித்தது எல்லாம் இருக்கும். நன்றாக இருக்கிற நாயை நாமே கொண்டுபோய் அதன் நடுவில் விடுவதா? வேறு தெருவிலும் விடக் கூடாது. அந்தத் தெரு நாய்கள் கடித்துக் குதறிவிடும். நாங்கள் தூக்கும்போதே கழுத்தில் துணி கட்டித் தெருப் பெயர் எழுதுவோம், திரும்ப அங்கேயே விட. முதல் நாள் சாதா ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, எல்லாம் கரைந்து நீலக் கழுத்தாகிவிட்டது. பதினோரு நாய், எது எந்தத் தெரு என்று தெரியாமல் விழித்தோம். டோபி போடும் மையை வாங்கிய பிறகுதான் சரியாயிற்று.

பெரியப்பா: அந்த புளூ கிராஸை ஆரம்பித்த கேப்டன் சுந்தரம் ஒரு விமானி, தெரியுமா? 1959-இல் இதே மாதிரி மழை. வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்படி ஆரம்பித்ததுதான் அது.

அக்கா (ஹூஸ்டன்): நல்லவேளை, ‘அது நீந்தும்’ என்று சொல்லிவிட்டு அவர் போகவில்லை.

பெரியம்மா: 😂

பெரியப்பா: சரி சரி. என்ன செய்ய வேண்டும், சொல்லித் தொலை.

நான்: ஒன்றும் பெரிதில்லை. தெருக் கேட்டைப் பூட்டாதீர்கள், காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை வையுங்கள். மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு சாக்கு. கட்டவே வேண்டாம். தண்ணீர் ஏறினால் மணி தானாக ஒவ்வொரு படியாக ஏறிக்கொள்ளும். பூனைக்குக் கூடை இல்லாவிட்டால் தலையணை உறை போதும். உள்ளே போட்டு வாயை முடிந்தால் இருட்டில் பேசாமல் இருக்கும்.

பெரியப்பா: படித் திருப்பம் வரைக்கும்தான். வீட்டுக்குள் ஒரு காலும் வைக்கக் கூடாது. மாடியில் குடியிருப்பவர்கள் சண்டைக்கு வந்தால் நீதான் பேச வேண்டும்.

நான்: நம்பர் கொடுங்கள்.

பெரியம்மா: சாக்கு போட்டாயிற்று. பூனையையும் இரண்டு குட்டியையும் மாடியில் விட்டுவிட்டேன். மூன்றாவதைத்தான் காணோம். சாயந்தரம் வரைக்கும் போர்ட்டிகோவில் கார்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

15 அக்டோபர், செவ்வாய்

காலை 9:18
பெரியப்பா: (படம்) 

பெரியப்பா: ஏற்பாடு ஒரு நாய்க்குத்தானே? நாலு நிற்கிறது. மூன்று யாரென்றே தெரியாது.

நான்: மணி சொல்லியிருக்கும்.

பெரியம்மா: அந்தக் காது மடங்கினது சினையாக இருக்கிறது. தயிர் சாதம் வைத்தேன்.

சித்தி: மேம்பாலத்தில் அபராதம் எல்லாம் இல்லை என்று போலீஸே சொல்லிவிட்டார்களாம் அத்தான்.

பெரியப்பா: அபராதம் இங்கே போட்டாயிற்று. என் தோல் செருப்பு, இடது காலைக் காணோம்.

அம்மா: மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. யாரும் வெறுங்காலோடு தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். நாய் மீட்கிற துரைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

16 அக்டோபர், புதன்

காலை 10:02
பெரியப்பா: ரெட் அலர்ட் எங்கே? வெளுத்து வாங்கும் என்றார்கள், வெளுத்துப்போய் நிற்கிறது வானம்.

சித்தி: நான் மூன்று நாள் பால் வாங்கிவிட்டேன். திரிந்துபோகும்.

மாமா (ஏரல்): வராமல் போனதற்கு வருத்தப்படாதீர்கள் அத்தான். எங்களைக் கேளுங்கள்.

பெரியப்பா: வருத்தமில்லை மாப்பிள்ளை. செருப்புத்தான்.

நான்: கேட்டுக்கு வைத்த செங்கல்லை எடுத்துவிட்டீர்களா?

பெரியம்மா: எடுத்தார். மணி கேட்டருகே போய் உட்கார்ந்து இவரையே பார்த்தது. திரும்ப வைத்துவிட்டார்.

பெரியப்பா: வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரைக்கும் இருக்கிறது. அதனால் வைத்தேன்.

மாலை 5:31
பெரியப்பா: யாராவது இருக்கிறீர்களா

பெரியப்பா: கார் எடுக்கப் பாலத்துக்கு வந்தேன். பானெட்டுக்குள்ளிருந்து மியாவ் மியாவ் என்று சத்தம் வருகிறது

நான்: பெரியப்பா, ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியையே எடுத்துவிடுங்கள்.

பெரியம்மா: ஐயோ, என் மூன்றாவது குட்டி! திங்கட்கிழமையிலிருந்து தேடுகிறேன். உங்களோடுதான் பாலத்துக்கு வந்திருக்கிறது.

அக்கா (ஹூஸ்டன்): அப்பா, அப்படியானால் முதல் ஆளாகப் பூனையைக் காப்பாற்றியது நீங்கள்தான்.

பெரியப்பா: பானெட்டைத் திறந்தேன். பேட்டரிக்குப் பின்னால் வால் தெரிகிறது. கையை விட்டால் சீறுகிறது.

நான்: கையை விடாதீர்கள். பாதி மூடிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். தரமணியில்தான் இருக்கிறேன், பதினைந்து நிமிஷத்தில் வருகிறேன். துண்டு இருக்கிறதா?

பெரியப்பா: தோளில் போட்டிருப்பதுதான்.

நான்: அது போதும்.

பெரியப்பா: சீக்கிரம் வா. பாலத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் என் காரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்.