கன்னத்து மங்குக்கு லேசர் செய்யலாமா?

காரைக்குடி ஆச்சி:
இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் மங்கு, கருந்திட்டாக. இளையவளைச் சுமந்தபோது வந்தது. அவள் கல்லூரிக்கே போய்விட்டாள், இது போகவில்லை. பலகாரத் தொழில் செய்கிறேன். கல்யாண ஆர்டர் வந்தால் இரண்டாங்கட்டில் விறகடுப்பு மூட்டிவிடுவோம். தேன்குழலும் அதிரசமும் வெந்து இறங்கும்வரை முகம் அனலில்தான். தையில் மகனுக்குக் கல்யாணம். வருகிற ஆச்சிமார் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் என் கன்னத்தைத்தான் பார்ப்பார்கள். மதுரையில் ஓரிடத்தில், லேசரால் அடியோடு எடுத்துவிடலாம், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுங்கள் என்கிறார்கள். முன்பணம் வாங்காமல் நானும் சீடை உருட்டுவதில்லைதான், ஆனாலும் உறுத்துகிறது. செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் மருமகள்:
நான் செய்துகொண்டேன் ஆச்சி. முதலில் நன்றாக வெளுத்தது. சித்திரை வெயிலில் முன்னைவிட அழுத்தமாகத் திரும்பிவிட்டது. தாடையோரம் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வேறு.

தேவகோட்டை தோல் மருத்துவர்:
மங்கை அடியோடு எடுப்பதாக யாரும் உறுதி தர முடியாது ஆச்சி. 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர், தோலுக்கு நிறம் தரும் மெலனின் துகள்களை உடைக்கும். அவற்றை உண்டாக்கும் செல்கள் அங்கேயே இருக்கும். நம் மாநிறத் தோலில் சூடு கூடிவிட்டால் அந்த இடமே கருக்கும். அடிக்கடி செய்தால் மேலே சொன்ன வெள்ளைப் புள்ளிகளும் வரலாம். கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருக்கும் ஓட்டா மச்சத்துக்கு இதே லேசர் நன்றாகக் கேட்கும், மங்கு அப்படியல்ல. வெயில் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அடுப்பு அனலும்கூட அதைக் கிளறும். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனில் தொடங்குங்கள். நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் கிரீமை மருத்துவர் சொல்லும் காலம்வரை மட்டும் பூசலாம். டிரானெக்சாமிக் அமில மாத்திரையும் உண்டு. ரத்தம் உறையும் கோளாறு குடும்பத்தில் இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மசியாதபோதுதான் லேசர்.

காரைக்குடி ஆச்சி:
மருந்துக்கடையில் கொடுத்த கிரீம் சீக்கிரம் வெளுக்கவைக்கிறதே? விட்டால்தான் எரிச்சல், சிவப்பு.

தேவகோட்டை தோல் மருத்துவர்:
ட்யூபில் மொமெட்டசோன் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. நாள்பட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், முகத்தில் முடியும் வளரும். அந்தத் தோலில் இப்போது லேசர் வேண்டவே வேண்டாம். ட்யூபோடு ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள், அவர் பார்த்து நிறுத்தட்டும்.

காரைக்குடி ஆச்சி:
இருக்கிறது, பொடி எழுத்தில். மதுரைக்குப் பணம் கட்டவில்லை. அடுப்படியை இனிச் சமையல்காரர் பார்த்துக்கொள்ளட்டும். அதிரசப் பாகின் பதம் மட்டும் நான்தான் பார்ப்பேன், அதை எவரிடமும் விட முடியாது.