குட்டிப் பூனைக்கு எஃப்.ஐ.வி. மறுபரிசோதனை: வழிகாட்டுதல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் எங்கள் மூன்று மாதப் பூனைக்குட்டிக்கு எஃப்.ஐ.வி. (பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) விரைவுப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்துள்ளது. அப்பரிசோதனை வைரஸை அல்லாமல் அதற்கு எதிரான ஆன்டிபாடியையே கண்டறிகிறது என்பதாலும், தாய்ப்பால் வழியே பெற்ற ஆன்டிபாடி ஆறு மாதம் வரைகூடக் குட்டியின் இரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதாலும், இந்த ஒரு முடிவை மட்டும் வைத்து அவளைக் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. மனிதர்களுக்கு இது தொற்றுவதில்லை. பூனைகளுக்கிடையே பெரும்பாலும் ஆழமான கடியால்தான் பரவுகிறது. ஆறு மாதம் நிறைந்தபின் மீண்டும் பரிசோதிக்கவிருக்கிறோம். அதற்கு முன்பே, வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனையும் செய்து பார்க்க விரும்புவதால், சென்னையில் அது எங்கே கிடைக்கும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவ்வசதி உண்டா, கட்டணம் எவ்வளவு ஆகும் என்பவற்றை அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.