91,000 டாலர் கல்லூரிக்கு எர்லி டிசிஷன் போடலாமா?

டாலஸ்அம்மா:
மகள் 12ஆம் வகுப்பு. எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) 1480, பள்ளியில் முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமாம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், மொத்தம் வருடத்துக்கு 1.9 லட்சம் டாலர். கிரீன் கார்டு இருக்கிறது. சின்னவன் 10ஆம் வகுப்பு. நவம்பர் 1க்குள் ஒரு தனியார் கல்லூரிக்கு (பெயர் வேண்டாமே) எர்லி டிசிஷன் போட்டே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். கிடைத்தால் வேறு எங்கும் போகாமல் அங்கேதான் சேர வேண்டும். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 91,000. "முதலில் கிடைக்கட்டும், பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சின்னவனும் காலேஜ் போனால் எய்டு (படிப்புச் செலவுக்கான உதவித்தொகை) இரண்டு மடங்காகும்" என்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கணக்குப்பிள்ளை:
அந்தத் தம்பி கணக்கு முடிந்துபோன கதை. முன்பெல்லாம் இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் கல்லூரியில் இருந்தால் ஃபாஃப்சாவில் (அரசு எய்டுக்கான விண்ணப்பம்) பெற்றோர் பங்கை இரண்டாகப் பிரிப்பார்கள். 2024-25இல் சூத்திரத்தை மாற்றியபோது அதை எடுத்துவிட்டார்கள். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் (கல்லூரியின் சொந்த எய்டுக்கான விண்ணப்பம்) கேட்கும் தனியார் கல்லூரிகள் சில இன்னும் தங்கள் கைக்காசில் அதைக் கவனிக்கின்றன. அந்தக் கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் இன்றைக்கே ஒரு வேலை. அரசு உதவி வாங்கும் எந்தக் கல்லூரியும் நெட் பிரைஸ் கால்குலேட்டரை (எய்டு போக நாம் கட்ட வேண்டியதைக் கணக்கிடுவது) தன் தளத்தில் வைத்திருக்க வேண்டும், 2011 முதல் அது சட்டம். வருமான வரித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேரம். அதில் வரும் எண்ணை நாலால் பெருக்கி வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். அதன் பிறகு எர்லி டிசிஷன் பற்றிப் பேசலாம்.

நீலவானம்:
கணக்குப்பிள்ளை சார் ஒவ்வொரு வருடமும் வந்து இப்படித்தான் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார். நாங்களும் 80,000, 90,000 என்று பார்த்துவிட்டு நமக்கெதற்கு என்று ஒதுங்கத்தான் இருந்தோம், பெரியவள்தான் கேட்காமல் போட்டாள். கடைசியில் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தைவிட அந்தத் தனியார் கல்லூரிதான் மலிவாக வந்தது. போட்டிருக்கும் விலை வேறு, நாம் கட்டும் விலை வேறு. ஹார்வர்டும் எம்ஐடியும் 2025-26 முதல் 2 லட்சத்துக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்கின்றன (சொத்து வழக்கத்துக்கு மேல் இல்லாவிட்டால்). அக்கா சொல்லும் 1.9 லட்சம் அதற்குள் வருகிறதே! போடாமலே எப்படித் தெரியும்?

கணக்குப்பிள்ளை:
தெரியும் அம்மா, அதற்குத்தான் கால்குலேட்டர். ஹார்வர்டு, எம்ஐடி தாராளமாகக் கொடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நூறு பேர் போட்டால் உள்ளே போவது நாலைந்து பேர். அவற்றின் எய்டை வைத்து அக்கா சொல்லும் கல்லூரியின் எய்டைக் கணக்குப் போடுவது பக்கத்து வீட்டுச் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்குவது மாதிரி.

நீலவானம்:
அதனால்தானே 20 கல்லூரிக்குப் போடச் சொல்கிறோம். ஒவ்வொன்றிலும் 4 சதவீத வாய்ப்பு என்றாலே எங்காவது ஒன்றில் கிடைக்க பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள், 56 சதவீதம் வரும்.

பழையமாணவி:
நான் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அந்த 56 சதவீதம் தாயக்கட்டைக்குத்தான் சரி. ஒவ்வொரு உருட்டலும் தனித்தனி என்றால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இங்கே 20 இடத்திலும் படிக்கப்போவது அதே மார்க், அதே கட்டுரை, அதே ஆசிரியரின் கடிதம். ஓரிடத்தில் எது குறையாகத் தெரிகிறதோ அதுவேதான் அடுத்த இடத்திலும் தெரியும். நான் 17 இடத்துக்குப் போட்டேன். பத்தாவது கட்டுரையில் கல்லூரிப் பெயரை மாற்ற மறந்து வேறு கல்லூரியின் பெயரோடு அனுப்பிவிட்டேன், அனுப்பிய அன்று இரவு பத்து மணிக்குத்தான் கண்ணில் பட்டது. 17இல் 12 அழகான மறுப்புக் கடிதங்கள்.

ஆன்ட்டி, மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். கல்லூரி பெயரோடு 'காமன் டேட்டா செட்' (கல்லூரிகள் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடுங்கள். அதில் சி7 என்ற அட்டவணை, எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பண விவரம் எச் பகுதியில், எச்2ஏ பார்த்தால் பணத் தேவை இல்லாதவர்களுக்கும் மெரிட்டில் (திறமைக்கான உதவித்தொகை) சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியும். சில பெரிய பெயர்கள் மெரிட்டே கொடுப்பதில்லை, அங்கே அந்த இடம் பூஜ்யம்தான்.

இன்னொன்று, டெக்சாஸ் என்பதால். யூடி ஆஸ்டினில் (டெக்சாஸ் பல்கலைக்கழகம்) 2026 இலையுதிர் பருவம் முதல் தானாக இடம் முதல் 5 சதவீதத்துக்குத்தான், அவள் 8. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதல் 10 சதவீதத்துக்கு இடம் உறுதி, ஆனால் பல்கலைக்கழகத்தில்தான் உறுதி, இன்ஜினியரிங்கில் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்கே இன்ஜினியரிங்குக்குள்தான் வருகிறது. என் தோழி ஒருத்தி இதைத் தெரிந்துகொள்ளாமல் இடம் கிடைத்த அன்றே கேக் வெட்டினாள்.

நைட்ஷிப்ட்:
கிரீன் கார்டு இருப்பதால் அக்காவுக்கு ஒரு தலைவலி குறைவு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பிள்ளை ஹெச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருந்தால் ஃபெடரல் எய்டு, அதாவது மத்திய அரசின் உதவி, கிடையாது. பிள்ளை இங்கே பிறந்து, அப்பா அம்மா மட்டும் விசாவில் இருந்தால் ஃபாஃப்சா தாராளமாகப் போடலாம், பெற்றோரின் விசா அதைத் தடுக்காது. எங்கள் வீட்டில் முதல் வருடம் யாரோ சொன்னதைக் கேட்டு போடாமலே விட்டோம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நீலவானம்:
சரி, தாயக்கட்டையை விடுகிறேன். ஆனால் எர்லி டிசிஷனை இவ்வளவு பூதமாகக் காட்ட வேண்டாம். கிடைத்து, எய்டு போதவில்லை என்றால் வெளியே வரலாம், அது விதியிலேயே இருக்கிறது. யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள். அப்படிப் போட்டால் கிடைக்கும் சதவீதமும் கூடுதல்.

கணக்குப்பிள்ளை:
வெளியே வரலாம், சரிதான். அதோடு அந்த இடமும் போச்சு. அதுவும் டிசம்பர் நடுவில், மற்ற இடங்களுக்கு ஜனவரி முதல் வாரம் கடைசி நாள், குழந்தை விடுமுறை முழுக்க அழுதுகொண்டே கட்டுரை எழுத வேண்டும். அந்தக் கூடுதல் சதவீதத்துக்குள் விளையாட்டுக்காக எடுத்தவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள், அதை அப்படியே உங்கள் பெண்ணின் வாய்ப்பாக எடுக்க முடியாது. நாலு கல்லூரி கொடுத்த தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் போய்விடும்.

"அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கடன் என்று அர்த்தம். பிள்ளை தன் பெயரில் ஃபெடரல் கடனாக முதல் வருடம் 5,500, பிறகு 6,500, அதற்கப்புறம் 7,500, 7,500. நாலு வருடத்துக்கும் 27,000தான். முன்பு பேரண்ட் பிளஸ் (பெற்றோர் பெயரில் வாங்கும் ஃபெடரல் கடன்) மற்ற எய்டு போக மீதிச் செலவு முழுவதற்கும் கிடைத்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் பேங்க்தான், நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் அதுவும்.

நீலவானம்:
உங்கள் பேச்சைக் கேட்டால் எல்லாரும் வீட்டிலிருந்தே யூடி டாலஸ் போக வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை:
போகட்டுமே! முதல் 10 சதவீதத்துக்கு அங்கே தானாக இடம், மெரிட்டும் கொடுக்கிறார்கள். அதை முதலில் பட்டியலில் எழுதிவிட்டு மேலே எத்தனை கனவு வேண்டுமானாலும் காணலாம். ரெகுலர் டிசிஷனில் (கிடைத்தாலும் சேரக் கட்டாயம் இல்லாத வழக்கமான சுற்று) அந்தத் தனியாரையும் போடட்டும், நான் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்?

டாலஸ்அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கால்குலேட்டரைப் போட்டோம். 58,000 என்று வந்தது. நாலால் பெருக்கினால் 2,32,000. அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் பாத்திரம் கழுவினார், இத்தனை வருடத்தில் கேட்காமல் கழுவியது இதுதான் முதல் தடவை. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை சொன்னபடி ரெகுலரில் போடலாம் என்று எனக்கும் மனசு இருக்கிறது, அந்த 58,000ஐப் பேசிக் குறைக்க முடியுமா?

நீலவானம்:
கண்டிப்பாக எழுதிக் கேட்கலாம் அக்கா. வேறு கல்லூரியின் கடிதம் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

கணக்குப்பிள்ளை:
ஒரு கேள்வி. ஊரில் ஏதாவது ஃபிளாட், மனை வாங்கிப் போட்டிருக்கிறீர்களா? குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கேட்காது, மற்ற சொத்தைக் கேட்கும், எந்த நாட்டில் இருந்தாலும். கால்குலேட்டரில் அதைப் போட்டீர்களா?

டாலஸ்அம்மா:
போடவில்லை. இருங்கள், மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.