தினமும் 20 நிமிடம் பிள்ளைகளைப் பேச விடலாமா? தீர்மானம் போடும் முன் கேட்கிறேன்

பென்னாகரம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். காலை உணவு முடிந்து முதல் பாடம் தொடங்கும் முன் 20 நிமிடம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும், டீச்சர் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் பையன் இரண்டாம் வகுப்பு. திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி. சனி, ஞாயிறு வராது. ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மாமியார் கூட்டிப்போய் மந்திரித்து, திருநீறு போட்டு வந்தார். அடுத்த திங்கட்கிழமை வலி திரும்பவும் வந்தது. ஆறு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. வாய்ப்பாடு சொல்லத் தெரியாதவர்களைத் திங்கட்கிழமை காலையில் பின்னால் நிற்க வைப்பார்களாம். அடி கிடையாது, நிற்பது மட்டும்தான். டீச்சர் நல்லவர், சொன்னதும் நிறுத்திவிட்டார். ஆனால் ஆறு வாரம் அவனிடம் யாரும் கேட்கவில்லையே, நானும் சேர்த்துத்தான்.

அவன் வகுப்பிலேயே ஒரு பெண் குழந்தை. அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், ஆயாவிடம் (பாட்டி) வளர்கிறாள். பொங்கலுக்கு அவர்கள் வந்து போனதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. தொந்தரவு செய்யாத பிள்ளை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. இதற்கு என்ன வழி?

பர்கூரான்

அக்கா, அந்த 20 நிமிடம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் திங்கட்கிழமை வயிற்றுவலியே வராதே.

நான் கிரானைட் பட்டறையில் வேலை செய்கிறேன். நாலாம் வாய்ப்பாடு வராததற்கு வெயிலில் முட்டி போட்டவன். இன்றைக்கு ஒரு ஸ்லாப் எத்தனை சதுர அடி என்று பேனா எடுக்காமல் சொல்வேன். "மனசு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்கு" என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளைத் தொட்டாற்சிணுங்கி ஆக்கிவிடுவோம். எங்கள் அப்பா ஒரு நாளும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் என்ன கெட்டா போய்விட்டேன்?

சாக்பீஸ்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர். தீர்மானத்தை எதிர்க்கிறேன். காரணம் தம்பி பர்கூரான் சொல்வது அல்ல.

முதலில் அவருக்கு ஒரு வார்த்தை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. முட்டி போட்டதால் உங்களுக்குக் கணக்கு வந்தது என்கிறீர்கள். உங்களோடு முட்டி போட்ட மற்றவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள்.

சரி, வட்டத்துக்கு வருகிறேன். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டத்தின் கணக்கு. எங்களிடம் 41 பேர், ஐந்து வகுப்பு. உடன் இருப்பவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்று முழுக்க நான் ஒருவன்தான். ஆனால் வேலைப் பளுவும் என் காரணம் அல்ல.

இந்த வட்டத்தை நான் நடத்திப் பார்த்திருக்கிறேன். "நேற்று வீட்டில் நடந்தது ஒன்று சொல்லுங்கள்" என்றேன். பூனைக்குட்டி, புரோட்டா, மாமா வாங்கிய வண்டி என்று போய்க்கொண்டிருந்தது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவைப் போட்டு அடிச்சாரு சார், அம்மா மாட்டுக் கொட்டாயில படுத்துது" என்றான். சில பிள்ளைகள் சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவன் அப்பா பள்ளி வாசலில் நின்றார். அன்று இரவு அந்தப் பையனுக்கு நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பிறகு ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் வரை "சரிங்க சார்" தவிர அவன் என்னிடம் வாய் திறந்ததே இல்லை.

பிள்ளையின் வாயைத் திறக்க எனக்குத் தெரிந்தது. திறந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னும் எத்தனை பள்ளிகளில் இதைச் செய்து பார்க்கப் போகிறீர்கள்?

பென்னாகரம் அம்மா

சார், படித்ததும் மனசு கனத்துப் போனது. ஆனால் கேட்கிறேன்: வட்டம் இல்லாவிட்டால் அந்தப் பையன் வீட்டில் அடி நின்றிருக்குமா? தெரியாமல் இருந்திருக்கும், அவ்வளவுதானே?

சாக்பீஸ்

அடி நின்றிருக்காது. ஆனால் பள்ளிக்கூடம் என்று ஒரு இடமாவது அவனுக்கு மிஞ்சியிருக்கும்.

நர்ஸக்கா

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 வருடம். வயிற்றுவலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள்.

பிள்ளை நடிக்கவில்லை. வலி உண்மை. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு நெருக்கம், பயம் வந்தால் குடலின் அசைவே மாறும். பரீட்சைக்கு முன்னால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறதே, அதேதான். ஏழு வயதில் "எனக்கு அவமானமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியாது, "வயிறு வலிக்குது" என்று சொல்லத் தெரியும். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், விடாத வாந்தி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர்தான். இவை இல்லாமல் லீவு நாளில் மட்டும் வலி காணாமல் போனால் பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள். திருநீறும் போட்டுக்கொள்ளுங்கள், அதனால் கெடுதல் இல்லை.

வட்டம் விஷயத்தில் நான் சார் பக்கம். பத்துப் பேர் முன்னால் புண்ணைத் திறந்து காட்டச் சொல்லக் கூடாது. ஆனால் சார், கேட்காமல் இருப்பதும் பதில் ஆகாது. தனியாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் மட்டும் செய்யக் கூடாது. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். வீட்டில் அடி என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. என்ன செய்வது என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்கு ஆசிரியரே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலேயே பேசுவார்கள்.

அந்தப் பெண் குழந்தை: சாப்பாடு, தூக்கம், விளையாட்டு மூன்றையும் ஆயாவிடம் கேளுங்கள். படுக்கையில் சிறுநீர் போவது நின்றுபோய்த் திரும்பவும் ஆரம்பித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று வாரமாக இவை மாறியிருந்தால் காட்ட வேண்டும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு (பிள்ளைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கும் இடம்) எழுதிக் கொடுப்பார்கள்.

அவ்வா வீடு

எனக்கு ஊர் தளி, கர்நாடக எல்லைப் பக்கம். ஒரு எச்சரிக்கை. பேசாத பிள்ளை என்றதும் மையம், டாக்டர் என்று ஓடாதீர்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம். என் மகள் ஒன்றாம் வகுப்பு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. "பிள்ளை கொஞ்சம் டல், காட்டுங்கள்" என்றார்கள். வீட்டில் அவள் ஆடுகளைத் திட்டுகிற திட்டு மூன்று தெருவுக்குக் கேட்கும்! ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று தமிழில் கேட்கத் தெரியவில்லை, ஒரு நாள் வகுப்பிலேயே போய்விட்டாள், பிள்ளைகள் சிரித்தார்கள். அதோடு வாயைப் பூட்டிக்கொண்டாள்.

சரிசெய்தது யார் தெரியுமா? நாலாம் வகுப்பில் ஒரு தெலுங்குப் பெண். புது டீச்சர் அவளைக் கொண்டுவந்து மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார வைத்தார். தட்டு கழுவப் போவதும் பாத்ரூம் போவதும் இரண்டு பேரும் ஒன்றாக. தீபாவளிக்குள் என் மகள் தமிழில் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள்.

நர்ஸக்கா

ஒத்துக்கொள்கிறேன் அக்கா, மொழியை முதலில் பார்க்க வேண்டும். வீட்டு மொழி தெரிந்தவர் பக்கத்தில் இருந்தும், ஒரு வருடம் கடந்தும், வீட்டில் சரளமாகப் பேசுகிற பிள்ளை பள்ளியில் மட்டும் வாயே திறக்காவிட்டால் அது பதற்றமாக இருக்கலாம். அப்போதும் "பேசு, பேசு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள், இன்னும் இறுகும்.

பர்கூரான்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பிள்ளைக்குப் பிரச்சினை வாய்ப்பாடு, இன்னொன்றுக்கு மொழி, பாத்ரூம். இதில் மனசு எங்கே வந்தது? வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடு, பாத்ரூமுக்குத் தண்ணீர் விடு. தீர்மானம் போடுவதென்றால் அதற்குப் போடுங்கள்.

அப்புறம், அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவைப் பற்றி எழுதியது எனக்கு உறுத்துகிறது. என் பட்டறை பர்கூரில் இல்லை, பெங்களூர் பக்கம் ஜிகனியில். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் ஞாயிறு ஒரு நாள் வீடு, திங்கள் விடியற்காலை நாலு மணி பஸ். எல்லோரும் ஆசைப்பட்டா விட்டுவிட்டுப் போகிறோம்?

என் மகள் மூன்றாம் வகுப்பு. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர், அதில் ஃப்ளோரைடு அதிகம், பல்லெல்லாம் பழுப்பு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தொடங்கியது. ஆனால் எங்கள் தெருக் குழாயில் வராத நாளெல்லாம் போர்வெல்தான். பல் முளைக்கும் முன்னாலேயே உள்ளே கறை விழுந்துவிடும் என்றார் பல் டாக்டர். வட்டமாக உட்கார்ந்து பேசினால் அது வெளுக்குமா?

பென்னாகரம் அம்மா

அண்ணா, உங்களைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் திருப்பூரில்தான் இருக்கிறார்.

ஒன்று கேட்கட்டுமா? உங்களுக்கும் பல் அப்படித்தானா?

பர்கூரான்

அப்படித்தான். நானும் பொத்திக்கொண்டுதான் சிரிப்பேன், 38 வயதாகிறது. அவள் என்னைப் பார்த்துத்தான் பழகியிருப்பாள் என்கிறீர்கள், அதானே. இருக்கலாம். இருந்தாலும் தண்ணீர்தான் முதலில்.

சாக்பீஸ்

தம்பி சொல்லும் தண்ணீரைத் தீர்மானத்தில் சேருங்கள். நான் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு மாற்று யோசனை. 2023 ஆகஸ்ட் 25-லிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு இருக்கிறது. புதிதாக 20 நிமிடம் தேட வேண்டாம். அந்த நேரத்தில் நான் எமிஸ் (பிள்ளைகள் விவரத்தை இணையத்தில் ஏற்றுவது) வேலையைப் பார்க்காமல் ஒரு தட்டோடு பிள்ளைகள் நடுவில் உட்கார ஆரம்பித்தேன். எதுவும் கேட்பதில்லை. இடத்தை மட்டும் தினமும் மாற்றுவேன். யார் உப்புமாவைத் தொடவில்லை, யார் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். எனக்கு முன்னால் சமைக்கும் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். "சார், அந்தப் பாப்பா மூணு நாளா ரெண்டாவது கரண்டி கேக்கல" என்பார்.

அவ்வா வீடு

சமையல் அக்கா ஊர்க்காரர்தானே சார்? உங்கள் வட்டத்தில் பரவிய பேச்சு அடுப்படியில் பரவாதா?

சாக்பீஸ்

பரவும். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சாப்பிட்டதா இல்லையா என்பது மட்டும்தான் அவர் வேலை, காரணம் கேட்பது என் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

பென்னாகரம் அம்மா

சரி, வட்டத்தை எடுத்துவிட்டேன். இப்போது தீர்மானம் இப்படி: எதற்காகவும் எந்தப் பிள்ளையையும் நிற்க வைக்கக் கூடாது. பாத்ரூமுக்கும் குடிக்கவும் தினமும் தண்ணீர் வேண்டும். காலை உணவில் ஒரு ஆசிரியர் உடன் உட்கார வேண்டும். வெளியூரில் இருக்கும் பெற்றோர் வாரம் ஒரு முறை பள்ளி போனில் பிள்ளையோடு பேச ஏற்பாடு வேண்டும்.

சாக்பீஸ்

கடைசியை எடுங்கள். பள்ளி நேரத்தில் அம்மா குரலைக் கேட்டால் அந்தப் பிள்ளை அன்று முழுக்க அழும்.

நர்ஸக்கா

அழட்டுமே சார். அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளைதான் எனக்குக் கவலை. ஆனால் பேச்சு பள்ளியில் வேண்டாம், வீட்டில் ஆயா பக்கத்தில் இருக்கும்போது, ஒரே கிழமை, ஒரே நேரம். "நாளைக்கு வந்துடுவேன்" என்று பொய் சொல்லாமல், வரும் தேதியைச் சொல்ல வேண்டும். காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் அந்த வயதுக்குப் புரியும்.

பர்கூரான்

தேதி மேஸ்திரி கையில் இருக்கிறது அக்கா.

நர்ஸக்கா

அப்போது "தேதி தெரிந்ததும் உனக்குத்தான் முதலில் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

சாக்பீஸ்

அம்மா, ஒரு வேண்டுகோள். உங்கள் முதல் பதிவில் அந்தப் பெண் குழந்தையைப் பற்றி எழுதியதை எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரிலேயே ஊர் இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் எந்தப் பிள்ளையின் பெற்றோர் பெங்களூருக்குப் போனார்கள் என்று கண்டுபிடிக்க, உங்கள் ஊர்க்காரர் ஒருவர் படித்தால் போதும். நான் வகுப்பில் செய்ததைத்தான் நீங்கள் இங்கே செய்திருக்கிறீர்கள்.

பென்னாகரம் அம்மா

ஐயோ, தோன்றவே இல்லை சார். இப்போது போய்ப் பார்த்தேன், திருத்தும் நேரம் முடிந்துவிட்டது என்று காட்டுகிறது. நிர்வாகிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.