குடும்ப டாக்டர் ஆக வார்டுல மூணு வருஷம் போதுமா?

தாலுகா டாக்டர்:
எம்பிபிஎஸ்ஸுக்கு அப்புறம் டிஎன்பி ஃபேமிலி மெடிசின்ங்கற குடும்ப டாக்டர் மேற்படிப்பு முடிச்சு, சின்ன ஊர்ல கிளினிக் போட்டு எட்டு மாசம் ஆகுது. 3 வருஷப் பயிற்சியில மெடிசின், சர்ஜரி, குழந்தைகள், பிரசவம்னு வார்டு வார்டா சுத்தினேன். வார்டுல கேஸ் ஷீட்ல நோயோட பேரே எழுதியிருக்கும். கிளினிக்குக்கு வர்றவங்க "மேலெல்லாம் வலிக்குது, கிறுகிறுன்னு வருது"ன்னு உட்கார்றாங்க. ரத்தம் பார்த்தா எல்லாம் சரியா இருக்கு. ஒரு அம்மா நாலாவது தடவை வந்தப்பதான் மகன் வாங்கின கடனைப் பத்தி வாயைத் திறந்தாங்க. எந்த வார்டு போஸ்டிங்கும் இதைச் சொல்லித் தரல. இந்தப் பயிற்சியில உருவாகுறது ஆஸ்பத்திரி டாக்டர்தான்.

பழைய ஸ்டெத்:
தம்பி, நான் வெறும் எம்பிபிஎஸ். 31 வருஷ பிராக்டிஸ். ஹவுஸ் சர்ஜன் முடிச்சதும் ஒரு சீனியர் டாக்டர் பக்கத்துல ரெண்டு வருஷம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் பிபி பட்டையைச் சுத்துறதுக்குள்ள வீட்டுக் கதையைக் கறந்துடுவார். இதுக்குப் பட்டம் எதுக்கு?

நைட் டூட்டி:
சார், கோவிச்சுக்காதீங்க. எல்லாருக்கும் அப்படி ஒரு சீனியர் வாய்க்கிறதில்ல. போன மழைக்காலத்துல ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. மூணு நாள் காய்ச்சல் விட்டுடுச்சாம், ஸ்கூலுக்கு சர்டிஃபிகேட் வேணுமாம். கை தொட்டா சில்லுன்னு இருக்கு, வயித்து வலிங்கறான், பிபி 90/75. உடனே ஆம்புலன்ஸ்ல ஏத்தினேன். டெங்குல காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்துன்னு புத்தகத்துல எல்லாரும் படிக்கிறோம். குழந்தைகள் வார்டுல ராத்திரி மூணு மணிக்கு அந்தச் சில்லுன்னு இருக்கிற கையைப் பிடிச்சிருந்ததாலதான் எனக்கு உறைச்சது. வார்டு போஸ்டிங்ல கை வைக்காதீங்க.

தாலுகா டாக்டர்:
உங்க கதையே எனக்குத்தான் சாட்சி! சர்டிஃபிகேட் கேட்டு வந்ததால பிழைச்சான். வார்டுல ஆள் கட்டில்லயே இருப்பான், நாம ரவுண்ட்ஸ் போவோம். இங்க "காய்ச்சல் விட்டதும் மறுபடி வாங்க"ன்னா சிரிக்கிறாங்க. வந்தா ஒரு நாள் கூலி போகும். வர வைக்கிற பேச்சை எங்க கத்துக்கறது? பிரிட்டன்ல ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், பயிற்சி 3 வருஷத்துல பாதிக்குக் குறையாம கிளினிக்லயே நடக்குது.

நைட் டூட்டி:
அங்க சொல்லித் தர்ற டாக்டருக்குப் பணம் உண்டு. இங்க யார் கொடுப்பா? கனடாவுல குடும்ப டாக்டருக்கான 2 வருஷப் பயிற்சியை 3 ஆக்கப் போனாங்க. டாக்டர் பஞ்சத்துல இது வேறயான்னு எதிர்ப்பு வந்து 2023-ல கைவிட்டாங்க. வார்டையும் குறைக்காம கிளினிக்கையும் சேர்த்தா பயிற்சி நீளும், நமக்கும் அதே கதைதான்.

மஞ்சப்பை:
நான் டாக்டர் இல்ல, குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். அம்மாவுக்கு சுகர், பிரஷர், மூட்டுவலி. மூணு ஸ்பெஷலிஸ்ட், மூணு சீட்டு. ஒரே வலி மாத்திரையை ரெண்டு பேர் வேற வேற கம்பெனி பேர்ல எழுதியிருந்தாங்க. ரெண்டு மாசமா ரெண்டையும் சாப்பிட்டிருக்காங்க. கண்டுபிடிச்சது மெடிக்கல் ஷாப் பையன்.

பழைய ஸ்டெத்:
சண்டை அப்புறம். அம்மாவுக்கு உப்பு பார்த்தாங்களா?

மஞ்சப்பை:
ஊறுகாயை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு சார்.

தாலுகா டாக்டர்:
அது வேற உப்புங்க. கிரியாட்டினின்னு ஒரு ரத்தப் பரிசோதனை, கிட்னிக்கு. நாளைக்கே எடுங்க. அந்த வலி மாத்திரை ரெண்டையும் இன்னைக்கே நிறுத்திட்டு, மூணு சீட்டையும் ஒரே டாக்டர்கிட்ட காட்டுங்க.